கியர்பெட்டியை இறக்கும் முன் ஆயில் டப்பாவைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2003ஆம் ஆண்டு குவாலிஸ். காலை பத்தரை மணிக்குள் சாதம், சாம்பார், பொரியல் என்று மூடி போட்ட எவர்சில்வர் டிரம்களை அதில் ஏற்றிக்கொண்டு மணலிக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே பட்டறைகளில் வேலை செய்கிற அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு என் அடுப்பிலிருந்துதான் போகிறது. வழியில் கொருக்குப்பேட்டையில் ரயில் கடக்கும்வரை நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இரண்டடி நகர்வதும் நிற்பதுமாகப் போகிற அந்தச் சாலையில் இடது காலுக்குத்தான் வேலை அதிகம். கிளட்ச் வழக்கத்தைவிட அரை அங்குலம் கீழே இறங்கிப் பிடித்தாலும் என் காலுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெரிந்தும் ஒருமுறை ஏமாந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை. வண்டியின் அடிப்பாகம் முழுவதும் நீரில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பிப்ரவரியில் ஒருநாள் காலை ரிவர்ஸ் கியர் போட்டபோது பல்லோடு பல் உரசுகிற சத்தம். ஒரு பட்டறையில் காட்டினேன். பெடலை மிதித்துக்கூடப் பார்க்காமல், ‘கிளட்ச் பிளேட் போய்விட்டது, கியர்பெட்டியை இறக்க வேண்டும்’ என்றார்கள். 14,000 ரூபாய் ஆனது. சாப்பாட்டை ஆட்டோவில் அனுப்பிய செலவு தனி. வண்டி திரும்பி வந்த ஐந்தாம் நாள் அதே சத்தம். அன்று மாலை நானே அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் விலக்கியதும் கறுத்த ஆயில் என் மணிக்கட்டில் வழிந்தது. கோளாறு பிளேட்டில் இல்லவே இல்லை. பிளேட் மாற்றும்போது ஆயில் ஊற்றி ஏர் எடுத்திருக்கிறார்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியிருக்கிறார்கள். அதனால்தான் ஐந்து நாள் ஓடியது.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஸ்பானர் பிடிக்க அவரிடம்தான் கற்றேன். கழற்றுவதற்கு முன் ஏன் கழற்றுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டியை வைத்திருக்கிற யாரும், கோளாறைக் கண்டுபிடித்து ஆயில் மாற்றி ஏர் எடுக்கிற இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள மருந்துக்கடையில் இரண்டு சிரிஞ்ச் வாங்கி, அவற்றை ஒரு குழாயால் இணைத்து, இடையில் காற்றில்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது அதே நொடியில் வெளியே வரும். இப்போது குழாயில் ஒரு விரற்கடை காற்றை விட்டுப் பாருங்கள். அழுத்துகிறீர்கள், காற்று சுருங்குகிறது, எதிர்ப்பக்கம் தயங்கித் தயங்கி நகர்கிறது. உங்கள் வண்டியும் இதேதான். பெடலுக்கு முன்னால், எஞ்சின் அறைச் சுவரில் இருப்பது மாஸ்டர் சிலிண்டர். பட்டறையில் மேல் சிலிண்டர் என்பார்கள். கியர்பெட்டியோடு இருப்பது ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கீழ் சிலிண்டர். நடுவே ஓர் இரும்புக் குழாயும் ஒரு ரப்பர் ஹோஸும். கீழ் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் புஷ் ராட் ஒரு ஃபோர்க்கைத் தள்ளும்; ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும்; பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்த, கிளட்ச் விடுபடும். ராட் தேவையான தூரம் நகரவில்லையென்றால் எத்தனை புதிய பிளேட் போட்டாலும் கியர் விழாது.

ஆகவே முதலில் நோயைப் பிரித்தறியுங்கள். ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் அது பெரும்பாலும் பிளேட் தேய்மானம். கியர் விழ மறுக்கிறது, பெடல் பஞ்சுபோல் இருக்கிறது, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் சரியாகி மறுபடியும் கெடுகிறது என்றால் அது ஆயில் பக்கத்துக் கோளாறு. ரிவர்ஸ் கியரில் சோதிப்பது எளிது. எஞ்சின் ஓட, நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுவதும் மிதித்து நான்கு விநாடி பொறுத்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். உள்ளே சுற்றுகிற பற்கள் நிற்க அந்த அவகாசம் வேண்டும். அதற்குப் பிறகும் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

அடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, கீழ் சிலிண்டரின் ராட் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். அவ்வளவு நகர்ந்தும் கியர் விழவில்லையென்றால்தான் கியர்பெட்டியை இறக்கும் பேச்சே வரவேண்டும். எங்கள் வண்டியில் ராட் அரிசிமணி அளவுதான் அசைந்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரிடமும் பிளேட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கசிவைத் தேட இரண்டு இடங்கள் போதும். ஓட்டுநர் இருக்கைக்கு முன் குனிந்து, பெடலிலிருந்து சுவருக்குள் நுழையும் ராடைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் மேல் சிலிண்டர் கசிகிறது. கால்மிதி நனைந்திருப்பதை மழைத் தண்ணீர் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்தது கீழ் சிலிண்டரின் ரப்பர் உறை. இரண்டு இடமும் காய்ந்திருந்து, கியரில் நிற்கும்போது கிளட்சை மிதித்தபடியே இருந்தும் வண்டி மெல்ல முன்னால் ஊர்ந்தால், மேல் சிலிண்டரின் வாஷர், அதாவது பிஸ்டனோடு நகர்ந்து ஆயிலைத் தடுக்கிற ரப்பர், உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது. இந்தச் சோதனையை வெட்டவெளியில், பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி ஆயில். கிளட்சுக்கும் பிரேக் ஆயில்தான். மேல் சிலிண்டருக்கு ஆயில் விடுகிற டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் வகை எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு இதே அளவுகள் 230, 155. பிரேக்கில் இந்தக் கொதிநிலைதான் உயிர். கிளட்சில் அதைவிடப் பெரிய எதிரி துரு. ஆயிலில் கலந்த நீர் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். அரித்த இடம் ரப்பரை அறுக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது தள்ளிப்போடக் கூடாத கணக்கு. டப்பாவில் தேன் நிறம் போய் டீ டிகாஷன் நிறம் வந்துவிட்டால் தேதி பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். அலமாரியில் திறந்து கிடந்த பழைய பாட்டிலை ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். கீழ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றத் திறக்கிற சிறு திருகுதான் நிப்பிள். அதற்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர்: வண்டியைப் பொறுத்து 8, 10 அல்லது 11 மி.மீ. அரை லிட்டர் புதிய ஆயில், பெரிய சிரிஞ்ச், ஒரு பழைய தண்ணீர் பாட்டில், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. ஒளி ஊடுருவும் குழாயைக் கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கினேன். மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற அதே குழாய்தான். நிப்பிளில் ஏற மறுத்தால் நுனியை வெந்நீரில் அரை நிமிடம் வைத்தால் இளகி, இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குழாய் தெளிவாக இருப்பது முக்கியம். குமிழி கண்ணுக்குத் தெரியாமல் ஏர் எடுப்பது குருட்டு வேலை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கி ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கியின் கீழே தலையை நீட்டாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்; அந்தக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முதலில் டப்பா மூடியைச் சுற்றியுள்ள தூசியை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் வண்டல் இருந்தால் நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். சில கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அப்படி இருந்தால் உறிஞ்சும்போதும் வேலையின்போதும் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் பிரேக்கிலும் காற்று ஏறிவிடும்.

கீழே நிப்பிளின் ரப்பர் தொப்பியைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். உப்புக்காற்று பட்ட நிப்பிள் அவசரப்பட்டால் முறிந்துவிடும். முதலில் கொஞ்சம் இறுக்குகிற திசையில் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். வாய் திறந்த ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பானரை நிப்பிளில் மாட்டிய பிறகு அதன் மேல் குழாயைச் செருகுங்கள். குழாயின் மறுமுனை, சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கி இருக்கட்டும்.

இதற்கு மேல் ஒருவர் உதவி வேண்டும். எனக்கு உதவியவர் என் மாமியார். அறுபத்தெட்டு வயது, ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் முப்பது ஆண்டு தையல் இயந்திரம் மிதித்த கால். ஓட்டுநர் இருக்கையில் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். “அத்தை, மெதுவாக அடிவரை மிதியுங்கள். மிதித்ததும் எனக்குச் சொல்லுங்கள். நான் ‘விடலாம்’ என்று சொல்லும்வரை காலை எடுக்கவே கூடாது” என்றேன். “மிதித்துவிட்டேன்மா” என்று மேலிருந்து குரல் வந்ததும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். குழாயில் முதலில் கறுப்பு, அதன் பின்னால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரை. ஓட்டம் நிற்பதற்கு முன்பே மூடிவிட்டு, “விடலாம் அத்தை.” திறந்திருக்கும்போது அவர் காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். முழு வேலையின் நுட்பமும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. மிதி, திற, மூடு, விடு. வேகமாகப் பம்ப் அடிக்க வேண்டாம். அடித்தால் பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும்.

பெடல் மேலே வராமல் தரையிலேயே படுத்துக்கொண்டால் பயப்படாதீர்கள். கையால் தூக்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடருங்கள். ஐந்து மிதிக்கு ஒருமுறை எழுந்து போய் டப்பாவை நிரப்புங்கள். டப்பா வற்றிக் காற்று இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எங்களுக்கு இருபத்திரண்டு மிதி ஆயிற்று. கடைசி ஆறேழு மிதியில் குழாயில் வந்தது நல்லெண்ணெய்போலத் தெளிந்த ஆயில், ஒரு குமிழி இல்லை. அத்தையே, “இப்போது கால் கெட்டியாக நிற்கிறதம்மா” என்றார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் காலே கண்டுகொண்டது.

சில வண்டிகளில் என்ன செய்தாலும் கொஞ்சம் காற்று தங்கிவிடும். காற்று மேலே ஏறத்தான் விரும்பும். நாம் அதைக் கீழே இழுக்கிறோம். அப்போது எதிர்த்திசையில் செய்யுங்கள். டப்பாவில் பாதி ஆயிலை எடுத்துவிட்டு, சிரிஞ்சில் புதிய ஆயில் ஏற்றி, குழாயிலும் காற்றில்லாமல் பார்த்துக்கொண்டு, நிப்பிளைத் திறந்து கீழிருந்து மெல்லத் தள்ளுங்கள். டப்பாவில் குமிழிகள் மேலே வந்து உடைவதைப் பார்க்கலாம். நிப்பிள் சிலிண்டரின் உச்சியில் இல்லாத வண்டிகளில், ஹோஸைக் கழற்றாமலே சிலிண்டரின் போல்ட்டுகளை எடுத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ராடைக் கட்டைவிரலால் முழுவதும் உள்ளே அழுத்தலாம். சிலிண்டர் கழன்று இருக்கும் நேரத்தில் யாரும் பெடலைத் தொடக் கூடாது. பிஸ்டன் தெறித்து வந்துவிடும்.

என் வண்டிக்கு ஏர் எடுத்தது மட்டும் போதவில்லை. கீழ் சிலிண்டரை மாற்றிய பிறகுதான் இதெல்லாம் செய்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் வண்டியின் மாடலைச் சொன்னால் ரப்பர் கிட், அதாவது சிலிண்டருக்கான புதிய ரப்பர் பாகங்கள், கிடைக்கும். பழைய சிலிண்டரையே கையில் கொண்டு போங்கள். உள் விட்டம் மாறினால் வாஷர் பொருந்தாது. ஹோஸ் நட்டைத் தளர்த்தி, வாயைச் சுத்தமான ரப்பர் மூடியால் அடைத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் கைக்கு வந்துவிடும். உறையையும் ராடையும் எடுத்துவிட்டு, மரப்பலகையில் மெல்லத் தட்டினால் பிஸ்டன் நழுவும். வரும் வரிசையில் செய்தித்தாளில் அடுக்கி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்குப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. புதிய பிரேக் ஆயில் போதும். பிறகு உட்சுவரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்ன வேண்டும். எங்கள் சிலிண்டரில், புயல் தண்ணீர் உறைக்குள் தங்கிய இடத்தில், பிறை வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை. நகத்தை மெல்ல ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. தட்டினால் கிட் போட்டுப் பயனில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழி போகாது, அளவுதான் கெடும். கையில் கிட் இருந்தும் மனமில்லாமல் மீண்டும் கடைக்குப் போய்ப் புதிய சிலிண்டரே வாங்கினேன். செலவு கூடினாலும் அதுதான் சரி. சுவர் நன்றாக இருந்தால் மட்டும் வாஷரைப் புதிய ஆயிலில் நனைத்து, அதன் கிண்ண வாய் ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கும்படி போடுங்கள். திருப்பிப் போட்டால் ஒரு மிதியிலேயே ஒழுகும். மேல் சிலிண்டர் கெட்டால் நான் கிட் போடச் சொல்ல மாட்டேன், முழுதாக மாற்றிவிடுங்கள். சிலிண்டர் கியர்பெட்டிக்குள்ளேயே இருக்கிற கார்களில் ஏர் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை மாற்றக் கியர்பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஹோஸையும் மறக்காதீர்கள். பழைய ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டால், மிதித்த ஆயில் திரும்பி வராது. கிளட்ச் பாதி மிதித்தபடியே நின்று பிளேட்டை எரிக்கும். பெடலுக்கு மேலே கொஞ்சமும் தொய்வு இல்லாவிட்டாலும் இதே கதி, ஏனென்றால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். விரலால் அழுத்தினால் எதிர்ப்பு வருவதற்கு முன் பெடல் சிறிதளவு சும்மா இறங்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். புஷ் ராடின் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் நிப்பிளை இறுக்கித் தொப்பியை மாட்டி, சிந்திய இடங்களைக் கழுவி, அந்த நான்கு விநாடி ரிவர்ஸ் சோதனையைச் செய்யுங்கள். மறுநாள் காலை உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதே புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் பிசுபிசுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, கழிவு ஆயில் சேர்த்து வைக்கும் பட்டறையில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

டப்பாவை வழிய வழிய நிரப்பி வைக்கவும் வேண்டாம். பிரேக் பேட் தேயும்போது அதன் டப்பாவில் மட்டம் இறங்கும், கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயத் தேயக் கீழ் சிலிண்டரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு மட்டம் மெல்ல ஏறும். ஆகவே கிளட்ச் டப்பாவில் மட்டம் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஊற்றிச் சமாளிக்காமல் தேடுங்கள். எங்கள் டப்பாவின் மூடியில் அத்தை ஒரு வெள்ளை பிளாஸ்டர் பட்டையை ஒட்டி, தையல் அளவு எழுதுகிற அதே உருண்டையான கையெழுத்தில் ‘மார்ச் 2024’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே ‘அடுத்தது மார்ச் 2026’.